முதல் பன்னிரண்டு வாரங்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை வீடு திரும்பியதும், பெற்றோர் முதலில் புரட்டிப் பார்ப்பது நோட்டுப் புத்தகத்தைத்தான். அதில் எழுத்து ஒன்றும் இல்லையென்றால் பாடமே நடக்கவில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய 'வித்யா பிரவேஷ்' திட்டம் இந்த எண்ணத்துக்கு நேர்மாறானது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கழகம் தயாரித்த இத்திட்டப்படி, முதல் வகுப்பின் முதல் மூன்று மாதங்கள், அதாவது பன்னிரண்டு வாரங்கள், விளையாட்டின் மூலம் பள்ளிக்குப் பழக்கும் காலமாகும். கதை கேட்டுத் திரும்பச் சொல்வது, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைக் கண்டுபிடிப்பது, பொருள்களை நிறம், அளவு பார்த்துப் பிரிப்பது, எண்ணுவது, படம் வரைந்து விரல்களைப் பழக்குவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவையே இக்காலத்துப் பாடங்கள். பாலர் வகுப்புக்கே போகாமல் நேராக முதல் வகுப்பில் வந்து அமரும் ஏழைக் குழந்தைக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இந்தப் பயிற்சிகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்று உண்டு. ஆசிரியை பேசுவது குழந்தைக்குப் புரிய வேண்டும். குழந்தை பேசுவது ஆசிரியைக்குப் புரிய வேண்டும். புரியாத மொழியில் சொல்லப்படும் கதை வெறும் ஓசையே. எட்டு வயது வரை தாய்மொழியே முதன்மைப் பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்று, 2022இல் வெளியான தேசியப் பாடத்திட்ட வரைவு கூறுவதன் காரணமும் இதுவே.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழ்க் குழந்தையின் நிலையைக் கவனிக்க வேண்டும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. அப்பள்ளியில் சேரும் தாராவிக் குழந்தை, பயிற்று மொழியான தமிழோடு மராத்தியையும் ஆங்கிலத்தையும் முதல் வகுப்பிலேயே படிக்கிறது. மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கும் சட்டம் 2020இல் நிறைவேறியது.

ஆறு வயதுக் குழந்தைக்கு இதன் பொருள் என்ன? 'கடல்' என்ற சொல்லிலும் 'தங்கம்' என்ற சொல்லிலும் ஒலி வேறுபட்டாலும் தமிழில் எழுத்து ஒன்றே. மராத்தியில் அந்த வரிசைக்கு நான்கு தனி எழுத்துக்கள். ஆங்கிலத்திலோ 'கேட்' என்ற சொல் 'சி'யில் தொடங்குகிறது. 'கைட்' என்ற சொல் 'கே'யில் தொடங்குகிறது. மூன்று விதிகளும் ஒரே மாதத்தில் வந்து மோதினால், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவே குழந்தைக்குப் பிடிபடாமல் போகும். ட, ப, ம போன்ற எளிய எழுத்துக்களில் தொடங்கி, 'படம்', 'பட்டம்' என்று விரைவில் சொல்லையே வாசிக்க வைக்கும் தமிழாசிரியரின் பழைய முறை தரும் தன்னம்பிக்கையும் இந்த நெரிசலில் கரைந்துவிடும்.

2025 ஏப்ரலில் மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் முதல் வகுப்பு முதலே இந்தியை மூன்றாம் மொழியாக்க மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டபோது, சின்னஞ்சிறு குழந்தைக்கு மூன்று மொழியா என்று மாநிலமே கொதித்தது. ஜூனில் உத்தரவு திருத்தப்பட்டது; அம்மாத இறுதியில் முற்றிலும் திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பின் நியாயத்தை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பிற மொழி வழிப் பள்ளிக் குழந்தைகள் அதே மூன்று மொழிச் சுமையை ஏற்கெனவே சுமந்து வருவது அந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை.

மராத்தி வேண்டாம் என்பது நம் வாதமல்ல. இங்கே பிறந்து, இங்கேயே பிழைக்கப்போகும் குழந்தைக்கு அது சோறு போடும் மொழி. கேட்பதெல்லாம் வரிசை முறைதான். முதல் பன்னிரண்டு வாரங்களில் மராத்தியும் ஆங்கிலமும் பாட்டாகவும் பேச்சாகவும் காதுக்கு மட்டும் வரட்டும். எழுத்து தமிழில் தொடங்கட்டும். அது கைவந்த பின் மற்ற எழுத்துக்கள் வரட்டும். மாநில அரசு மட்டுமன்றி உள்ளாட்சி மன்றமும் மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கட்டத்தில் தாய்மொழிக் கல்வி வசதி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. அந்த வசதி தமிழ்ப் பள்ளி என்ற பெயர்ப் பலகையோடு நின்றுவிடலாகாது.

ஆங்கில வழிப் பள்ளியை நாடும் தமிழ்ப் பெற்றோருக்கும் இதில் பொறுப்பு உண்டு. அங்கே ஆசிரியைக்குத் தமிழ் தெரியாதென்றால், கதை கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சியை வீடுதான் தர வேண்டும். தினமும் கால் மணி நேரம் தமிழில் ஒரு கதை சொல்லி, அதைக் குழந்தையைத் திரும்பச் சொல்ல வைத்தால் போதும். ஊர்தோறும் உள்ள தமிழ்ச் சங்கங்கள், பொங்கல் விழாவுக்குக் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை ஜூன் மாதத்துக் கதை வகுப்புகளுக்கும் காட்டலாம்.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும் என்பது 2021இல் மத்திய அரசு வகுத்த 'நிபுண் பாரத்' திட்டத்தின் இலக்கு. அந்த வாசிப்புக்கு அஸ்திவாரம் போடப்படுவது முதல் பருவத்தில். அங்கே தடுமாறிய குழந்தையை மூன்றாம் வகுப்பில் மக்கு என்று சொல்வது அநியாயம்.