இலைக்கு ஒரு பெயர்

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றைத் தாண்டிப் பொன்முடி ஏறினால் கண்ணில் படுவது எஸ்டேட் தேயிலை. மேட்டுப்பாளையம் அருகே உள்ள இன்னொரு கல்லாற்றிலிருந்து நீலகிரி ஏறினால் காட்சி வேறு: எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகள். பறித்த இலை சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால், ஃபாக்டரி சொன்னதே விலை. கொழுந்தும் முற்றலும் ஒரே குவியலில். பெரும் வாடிக்கையாளரான சோவியத் யூனியன் 1991இல் மறைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலை சரிந்தது.

பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியிலும் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி சிறு விவசாயிகளுடையது. புகழ் மட்டும் பெரிய கம்பெனிகளுக்கு. அவர்களில் பலர் தங்கள் பழத்தைத் தாங்களே மதுவாக்கி, சர்க்கரையைக் குறைத்து, சொந்த மண்ணின் ருசியைச் சொந்தப் பெயரில் விற்கிறார்கள்.

நீலகிரியிலும் சிலர் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்து, கிரீன் டீ, வெள்ளைத் தேநீர் என்று இறங்கியிருக்கிறார்கள். கத்தரிக்கோலால் வெட்டுவதைவிட இதற்குக் கூலி அதிகம். நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை. ஆனால் பாலும் சர்க்கரையும் கலக்கும் நம் டீக்கடையில் சி.டி.சி. தூளுக்குத்தான் ராஜ்ஜியம். உள்ளூர் நாக்கு மாறாதவரை, இந்த விவசாயி இன்னொரு ரஷ்யாவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.