பாயை எடுத்துப் பார்ப்போம்

எங்கள் வீட்டு முன் ஹோலில் மூன்று வருடமாக ஒரு பாய் கிடந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் அதை நேராக இழுத்துவிடுவது என் வேலை. அழகுக்காகப் போட்ட பாய் அல்ல அது. நாநாவின் கல்யாணத்துக்காக அலுமாரியை இழுத்து நகர்த்தியபோது லினோலியம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அந்தக் கிழிசலை யாரும் காணக்கூடாது என்பதற்காகவே பாய்.

ஒரு நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போன உம்மும்மாவின் காலடியில் பாய் வழுக்கியது. பெருவிரல் கிழிசலுக்குள் மாட்டியது. விழுந்தவர் கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு வெடித்துவிட்டது. அதுவும் வலக்கை. ஆறு வாரம் உம்மாதான் சோறு ஊட்டினார். வைத்தியசாலையிலிருந்து வந்த அன்று உம்மும்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என்னை விடவில்லை: “ஓட்டை கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா நான் தாண்டிப் போயிருப்பேனே!”

அன்றிலிருந்து வீட்டுப் பாய்களின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டையைவிட, ஓட்டையை மறைக்கும் பாய்தான் ஆபத்தானது என்பது என் கருத்து. வாசிக்கும் தோழியர் தங்கள் வீட்டுப் பாய்களையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும்.

யோசித்துப் பார்த்தால் லினோலியமே ஒரு மறைப்புத்தான். கண்டியின் பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கும். சிவப்புப் பொலிஷ் பூசி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி மினுக்கி வைத்தவர்கள் நம் மூத்தம்மாமார். தரை வெடித்தது, தேய்க்க ஆளும் இல்லாமல் போனது, மேலே விரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் விரிப்பு கிழிந்ததும் அதற்கு மேலே பாய் வந்தது.

லினோலியத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் பிரெடரிக் வோல்டன். காற்றுப்பட்டு இறுகிய ஆளிவிதை எண்ணெயுடன் தக்கைத் தூளையும் பிசினையும் கலந்து துணியின் மேல் படியச் செய்து, 1863இல் காப்புரிமை பெற்றார். லத்தீனில் ‘லினம்’ என்றால் ஆளிச்செடி, ‘ஓலியம்’ என்றால் எண்ணெய். 1878இல் ஸ்கொட்லாந்துக் கம்பனியொன்று அதே பெயரில் விற்றபோது அவரது கம்பனி வழக்குப் போட்டுத் தோற்றது. அந்தப் பெயர் பொருளுக்கே பெயராகிவிட்டது என்றது நீதிமன்றம். நாமும் இன்று தரையில் விரிக்கும் எதையும் லினோலியம் என்கிறோம். கிழிந்த ஓரத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எங்களுடையது வினைல் என்று தெரிந்தது. உண்மையான லினோலியத்தின் முதுகில் சணல் துணி இருக்கும், பல வகைகளில் நிறம் அடிவரை ஓடும். கீறல் விழுந்தால் அதிலிருந்தே சுரண்டிய தூளைப் பசையில் குழைத்து நிரப்பிவிடலாம். வினைலில் பூ மேல் தோலில் மட்டும்தான். அதற்கு ஒட்டுத்தான் போடவேண்டும்.

“வாற பெருநாளைக்கு டைல்ஸ் போடுவம்” என்பது உம்மாவின் பதில். மூன்று பெருநாளாக இதே பதில். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதன்பிறகு டைல்ஸ் விலையை வாப்பா விசாரிக்கவே இல்லை. பெரிய வேலைக்குக் காசு சேரும்வரை சிறிய வேலையைத் தொடாமல் விடுவது நம் வீடுகளில் ஒரு வியாதி. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கை பறிபோகப் பார்த்தது.

நான் செய்கிறேன் என்றேன். “பொம்புளப் புள்ள செய்யிற வேலயா மகள் இது? பாஸ் வரட்டும்” என்றார் உம்மா. பாஸ் இரண்டு முறை வருவதாகச் சொல்லி வரவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கு அவர் வராததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. ஹார்ட்வெயார் கடையில் பசை கேட்டால், “வாப்பா வரல்லயா?” என்று கேட்டார்கள்.

ஒட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியது அடித்தரையின் ஈரலிப்பு. சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் ஒக்டோபர், நவம்பர் மழைக்குச் சுவரும் வியர்க்கும். கிழிசலை விரித்து, வெறுஞ் சீமெந்தின் மேல் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவும் ஒரு பகலும் விட்டேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர். வெளியே போய்ப் பார்த்தால் பீலி இலைகளால் அடைபட்டு, மழைத்தண்ணீர் சுவரோடு இறங்கிக்கொண்டிருந்தது. வாப்பா பீலியைத் துப்புரவாக்கினார். தரை காய்வதற்குப் பெப்ரவரி வரை காத்திருந்தோம். அந்த ஈரத்தின் மேல் ஒட்டியிருந்தால் பசை ஒரு மாதமும் தாங்கியிராது.

மிச்சத் துண்டு அலுமாரிக்கு மேல் சுருண்டு கிடந்தது. குளிரில் விரித்தால் வெடிக்கும் என்பதால் வெயிலில் வைத்து இளக்கினேன். பிறகு செய்தது தையல் வகுப்பில் படித்ததுதான். துண்டைக் கிழிசலின் மேல் வைத்து, பூவோடு பூ பொருத்தி, நகராமல் டேப் ஒட்டினேன். இரும்பு அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து, கூர்மையான கத்தியால் இரண்டு தட்டையும் ஒன்றாக வெட்டினேன். ஒன்றாக வெட்டுவதால் கீழே விழும் குழியும் மேலே உள்ள ஒட்டும் ஒரே அளவாகிவிடும். சட்டையில் ஒட்டுத்தையல் போடத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது புதிதல்ல. அடியில் இருந்த பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, துண்டைப் பதித்து, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றினேன். அதன்மேல் பலகை, பலகையின்மேல் அம்மிக்கல், ஒரு முழு நாள். இணைப்புக் கோட்டில் தண்ணீர் இறங்காமலிருக்க, அதற்கென விற்கும் திரவத்தை மெல்லிய கோடாக விட்டேன். மொத்தத்தில் ஒரு பின்னேரம் போனது.

குசினி விரிப்பை மட்டும் தொடவில்லை. அது உம்மும்மா மணப்பெண்ணாக வந்த காலத்தது. 1980கள் வரை பல நாடுகளில் செய்த விரிப்புகளின் முதுகிலும் பசையிலும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதைச் சுரண்டவோ அரத்தாளால் தேய்க்கவோ கூடாது. தூள் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. அதைக் கலைக்காமல் இருக்கிறபடியே விடுவதுதான் புத்தி.

ஒட்டு எல்லா இடத்துக்கும் மருந்தும் அல்ல. பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுனுக்குள் தண்ணீர் ஏறும்போது ஓயாவை அண்டிய வீடுகளில் விரிப்புக்கு அடியிலும் சேறு புகும். மேலே துடைத்ததும் தரை புதிதுபோல மினுங்கும், ஆனால் அடியில் பூஞ்சணம் வளரும். அங்கே ஒட்டுப் போட்டுப் பயனில்லை. முழுவதையும் தூக்கி வெளியில் போட்டு, தரையைக் காயவிட்டபின்தான் மற்ற எதையும் யோசிக்கலாம்.

என் ஒட்டில் ஒரு பூ அரை விரல் அளவு விலகித்தான் நிற்கிறது. வெயில்பட்டு மங்கிய பழைய தரைக்கு நடுவில் புதுத் துண்டின் நிறமும் தனியாகத் தெரிகிறது. பெருநாளன்று மச்சி வீட்டார் வருகிறார்கள் என்றதும் உம்மா மீண்டும் அந்தப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். உம்மும்மா அதை வாங்கிச் சுருட்டி, வாங்கின் மேல் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.