1930: உப்பும் ரப்பரும்

இந்த இதழில் நாம் புரட்டிப் பார்க்கும் ஆண்டு 1930.

பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் டாம்பா என்ற இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அதை ஒன்பதாவது கிரகம் என்றே நாம் படித்தோம். 2006இல் அறிஞர்கள் அதைக் குறுங்கோள் என்று மாற்றிவிட்டார்கள். ஜூலையில் உருகுவே நாட்டில் முதல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி நடந்தது. அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று உருகுவே கிண்ணத்தைப் பெற்றது. திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றதும் இவ்வாண்டில்தான்.

ஏப்ரல் 6ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். ஒரு வாரம் கழித்து இராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தூரம் சுமார் 150 மைல். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள்! கொடுத்தவர் யாரென்று போலீசுக்குத் தெரியவில்லை. பசித்தவருக்குச் சோறு கிடைத்தது.

அதே ஆண்டில் நம் மலாயாவில் என்ன நடந்தது? 1925இல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1930 முடிவதற்குள் அது 20 காசுக்கும் கீழே இறங்கிவிட்டது. உலக மந்தத்தால் வாங்குவோர் குறைந்தார்கள். தோட்டங்களில் சம்பளம் குறைந்தது; ஆட்குறைப்பும் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதும் நின்றது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காட்டை அழித்துக் கன்று நட்டு, பால் வெட்டிய கைகள் வெறுங்கையாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கின. விலை ஏறியபோது தேவைப்பட்டவர்கள், விலை இறங்கியபோது பாரமாகிவிட்டார்கள்.

உப்பெடுத்தவர்களின் பெயர்களைப் புத்தகங்கள் சொல்கின்றன. கப்பலேறியவர்களின் பெயர்களை எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தாம்.

உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவரோ, போய்த் திரும்பி வந்தவரோ இருக்கலாம். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம், வந்த ஆண்டு ஆகிய நான்கையும் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

அடுத்த இதழில் வேறோர் ஆண்டோடு சந்திப்போம்.