கப்பலின் பெருமை எதில் இருக்கிறது?

கடலை வென்றுவிட்டான் மனிதன் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கடலை எவரும் வென்றதில்லை. அதன் குணமறிந்து நடந்தவர்களே கரை சேர்ந்தார்கள் என்பது என் கருத்து. ‘குயின் மேரி 2’ என்னும் பெருங்கப்பலின் வரலாற்றைப் படித்தபோது இக்கருத்து என்னுள் மேலும் உறுதிப்பட்டது.

அக்கப்பலைப் புகழ்வோர் முதலில் சொல்வது அதன் அளவை. நீளம் 345 மீட்டர். நூலகம், நாடக அரங்கு, கோளரங்கம், நடன மண்டபம் என அது ஒரு மிதக்கும் நகரம்! 2004 சனவரியில் சவுத்தாம்ப்டனிலிருந்து முதற்பயணம் புறப்பட்டபோது உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல் அதுவே. ஆனால் 2006-இல் அதனினும் பெரிய கப்பல் வந்துவிட்டது. அளவால் வந்த பெருமைக்கு ஆயுள் இரண்டே ஆண்டுகள்!

அப்படியானால் உண்மைப் பெருமை எது? உல்லாசக் கப்பல் புயலைக் கண்டால் வேறு துறைமுகம் நாடலாம். குறித்த நாளில் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டிய கப்பலுக்கு அந்தச் சலுகை இல்லை. இதை உணர்ந்த வடிவமைப்பாளர் ஸ்டீபன் பெய்ன், முன்பகுதியை நீட்டிக் கூர்மையாக்கினார், உடலை ஆழப்படுத்தினார், தகடுகளைத் தடிப்பாக்கினார். சாதாரண உல்லாசக் கப்பலைவிட ஏறத்தாழ 40 சதவிகிதம் கூடுதல் எஃகு தேவைப்பட்டது. உயிர்காப்புப் படகுகளை அலையின் அறைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். இக்கப்பலுக்குச் சுக்கானே கிடையாது! டீசல் எஞ்சின்களும் வாயுச் சுழலிகளும் தரும் மின்சாரத்தால், அடிப்பகுதியில் தொங்கும் நான்கு உந்திகள் இயங்குகின்றன. அவற்றுள் இரண்டு திரும்பித் திசை காட்டுகின்றன.

இந்தப் பெய்ன் யார்? 1972-இல், மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டு வந்த பழைய ‘குயின் எலிசபெத்’ ஹாங்காங் துறைமுகத்தில் எரிந்து போயிற்று. இனி இதுபோன்ற கப்பல் பிறக்காது என்று, ‘புளூ பீட்டர்’ என்ற பிரிட்டிஷ் சிறுவர் நிகழ்ச்சியின் ஆண்டு மலர் எழுதியது. அதை மறுத்துக் கடிதம் எழுதிய சிறுவன்தான் அவர். ஓர் ஆண்டு மலரின் வரி ஒருவரின் வாழ்வையே தூண்டிவிட்டது எனில் மிகையாகாது.

ஆயினும் இக்கதையில் என் நெஞ்சைச் சுடும் பக்கம் ஒன்று உண்டு. 2003 நவம்பர் 15 அன்று, பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில், கப்பலைக் காண வந்தவர்கள் ஏறிய தற்காலிக நடைபாலம் உலர்துறைக்குள் சரிந்தது. தொழிலாளரின் உறவினர் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர். இரண்டு மாதம் கழியுமுன் இங்கிலாந்து அரசியார் கப்பலுக்குப் பெயர் சூட்டினார். வாணவேடிக்கை விண்ணை நிறைத்தது.

பயணிகளுக்காக அலையின் வலிமையைக் கணக்கிட்டு எஃகைக் கூட்டிய உலகம், அக்கப்பலைக் கட்டியோரின் குடும்பங்கள் மிதித்த பலகையின் வலிமையை அதே கண்டிப்போடு கணக்கிட்டிருக்க வேண்டாமா? பாதுகாப்பு என்பது பயணச்சீட்டு வாங்கியவருக்கு மட்டுமே உரிய பொருளன்று. சுத்தி பிடித்த கைக்கும் அது உரியது.

கலைக்கல்லூரி மாணவர்களாகிய நாம் கப்பல் கட்டப் போவதில்லை. ஆனால் வரலாறு படிக்கிறோம்; நாளை எழுதவும் போகிறோம். அப்போது 345 என்ற எண்ணை எழுதும் பக்கத்தில் 16 என்ற எண்ணையும் எழுதுவோம். அதுவே முழுமையான வரலாறு.