சிவப்பு மருந்து ஏறும்போது

புற்றுநோய்க்கு மருந்தேற்றும் கூடங்களில் நோயாளிகள் தமக்குள் 'சிவப்பு மருந்து' என்று ஒன்றைக் குறிப்பிடுவதுண்டு. டாக்சோரூபிசின் என்பது அதன் பெயர்; அட்ரியாமைசின் என்றும் எழுதுவர். மார்பகப் புற்றுநோய், நிணநீர்க் கணுக்களில் தோன்றும் லிம்ஃபோமா, எலும்பிலும் தசையிலும் வளரும் சார்கோமா, சிறுவர்க்கு வரும் சில இரத்தப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கு இதைத் தருகிறார்கள். மார்பகப் புற்றுநோயின் பொருட்டு இம்மருந்தைப் பெறும் தாய்மார்கள் பலராதலால், இத்திங்கள் இதனைப் பற்றியே எழுதக் கருதினோம்.

இதன் பிறப்பு சற்று விந்தையானது. தெற்கு இத்தாலியில், அட்ரியாட்டிக் கடலுக்குத் தொலைவில் அல்லாத காஸ்தெல் தெல் மோந்தே என்னும் 13-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் சுற்றுப்புற மண்ணை 1950-களில் ஆய்ந்த இத்தாலிய மருந்து ஆராய்ச்சியாளர்கள், செந்நிறச் சாயம் சுரக்கும் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தனர். அதிலிருந்து முதலில் டானோரூபிசின் என்னும் மருந்தும், அந்நுண்ணுயிரின் மாறுபட்ட ஒரு வகையிலிருந்து பின்னர் டாக்சோரூபிசினும் கிடைத்தன. அந்தக் கடலின் பெயரே அட்ரியாமைசினில் நிற்கிறது. அமெரிக்க அரசு இதனை 1974-இல் அனுமதித்தது. அரை நூற்றாண்டு கடந்தும் மருத்துவர்கள் இதனைக் கைவிட்டாரில்லை. இதன் ஆற்றலும் பெரிது. தவறான இடத்தில் பட்டால் இது செய்யும் கேடும் பெரிது.

முதலில் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். சலைன் ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் வழியே செவிலியர் இம்மருந்தை மெல்ல மெல்லச் செலுத்துவார். நாம் பேச்சு வழக்கில் நரம்பு என்கிறோமே, அந்த இரத்தக் குழாய்க்குள் மருந்து செல்லும் வரையில் அச்சமில்லை. ஊசி முனை விலகியோ, குழாய்ச் சுவர் கிழிந்தோ மருந்து வெளியே கசிந்துவிட்டால், சுற்றியுள்ள தோலையும் தசையையும் அது அரித்துவிடும். அன்று சிறிய சிவப்பாகத் தோன்றியது, சில நாள்களிலோ வாரங்களிலோ ஆறாப் புண்ணாகலாம். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் அறுவை வரை செல்லலாம். விரல்களை மடக்க இயலாமற் போனவர்களும் உண்டு. ஆகவேதான் புறங்கையையும் முழங்கை மடிப்பையும் கூடியவரை தவிர்த்து, முன்கையில் நல்ல குழாயைத் தேடுகின்றனர். மார்பக அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையை நீட்டாதீர்கள். குழாய் கிடைப்பது அரிதானவர்களுக்கு, மார்புத் தோலின் கீழ் 'போர்ட்' என்னும் சிறு கருவியை வைத்து அதன் வழியே மருந்தேற்றுவதும் உண்டு. மருத்துவர் அதைக் கூறினால் வீண் செலவென்று தள்ளிவிட வேண்டாம்.

கசிவின் முதல் அறிகுறியை நோயாளியே அறிவார். எரிச்சல், குத்தல், இறுக்கம், வீக்கம், சிவப்பு இவற்றுள் எது தோன்றினும் உடனே குரல் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களோ வலியை வெளியே சொல்லாதிருப்பதைப் பெருமையாகக் கொள்பவர்கள். 'சிஸ்டர் வேலையாக இருக்கிறார்கள், மருந்து முடியட்டும்' என்று பல்லைக் கடித்துக் காத்திருக்கும் சில நிமிடங்களில் கேடு முற்றிவிடும். பொறுமையைப் பற்றி இவ்விதழின் பிற பக்கங்கள் பேசட்டும். இந்த ஓரிடத்தில் பொறுமை ஆகவே ஆகாது. வலியில்லாமலே கசிவதும் உண்டாதலால், ஊசி ஏறிய கையை அசைக்காமல் வைத்து, துணைக்கு வந்தவர் அவ்வப்போது அதனைப் பார்த்துக்கொள்வது நன்று. கசிந்தது என்று அறிந்தவுடன் செலுத்துவதை நிறுத்தி, குழாயில் எஞ்சியதை உறிஞ்சி எடுத்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுப்பார்கள். இதற்கென ஊசி மருந்தும் உண்டு. அதனை ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். வீடு திரும்பிய பின் கை வீங்கினால் வெந்நீர் ஒத்தடமோ எண்ணெயோ கூடாது. நேரே மருத்துவமனைக்குச் செல்க.

மருந்தேறிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தமன்று, மருந்தின் நிறமே. முடி இரண்டு மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கிப் பின்னர் முளைக்கும். இவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்சவேண்டியது காய்ச்சலுக்கு. மருந்தேறிய 10 முதல் 14 நாள்களுக்குள் இரத்தத்தின் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்து, மூன்றாம் வாரத்தில்தான் மீளும். ஒவ்வொரு தடவைக்கும் முன்னர் இரத்தப் பரிசோதனை செய்வது இதனாலேயே. கல்லீரலையும் பார்ப்பார்கள், ஏனெனில் மருந்தைக் கழித்துவிடும் உறுப்பு அதுவே. காமாலை கண்டிருந்தால் அளவைக் குறைப்பர். அந்த நாள்களில் உடற்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் புறப்படவேண்டும். எதிர்க்க அணுக்கள் இல்லாத உடலில் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். 'முதலில் ஒரு பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம்' என்பதே நம் வழக்கம். சூடு தணியும், கிருமி தணியாது, மறைந்திருந்து பெருகும். வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். மருத்துவமனையை அடைந்ததும், 'இன்ன நாளில் புற்றுநோய் மருந்து ஏறியது' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிருமியைக் கொல்லும் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டியது. வரிசையில் காத்திருக்கும் காய்ச்சல் அன்று இது.

வீட்டாருக்கும் ஒரு சொல். சில நாள் வரை சிறுநீர், வாந்தி முதலியவற்றில் மருந்து கலந்திருக்கும். அவற்றைத் துடைப்பவர் கையுறை அணிக. கழிவறையில் நீரை இருமுறை தாராளமாக ஊற்றுக. கறைபட்ட துணிகளைத் தனியே துவைக்க. கருவுற்ற மருமகளை இவ்வேலைக்கு விடவேண்டாம். மற்றபடி நோயாளியோடு ஓரிலையில் உண்ணுவதிலும், பேரனை அவர் மடியில் வைத்துக்கொள்வதிலும் தீங்கில்லை. தட்டும் டம்ளரும் ஒதுக்கி வைக்கும் வீடுகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். அந்தக் கொடுமைக்கு மருத்துவத்தில் ஆதாரம் ஏதுமில்லை. சிகிச்சைக் காலத்தில் கருவுறாதிருத்தலும், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் தராதிருத்தலும் வேண்டும். நாட்டு மருந்து உண்பவர்கள் அதனை மருத்துவரிடம் ஒளிக்க வேண்டாம்.

இறுதியாக இதயம். இம்மருந்து இதயத் தசையை நலிவிக்க வல்லது. அந்த நலிவு ஒருமுறை ஏறும் அளவைவிட, வாழ்நாளில் ஏறிய மொத்த அளவைப் பொறுத்தே கூடுகிறது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்பது மருத்துவர் கொண்டுள்ள வாழ்நாள் எல்லை. மார்பில் கதிர் சிகிச்சை பெற்றவர்க்கு எல்லை இன்னும் குறைவு. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஒரு தடவைக்கு 60 வீதம் நான்கு தடவை தருவர், 240 ஆயிற்று. எஞ்சியது ஏறக்குறையப் பாதியே. நோய் பத்தாண்டு கழித்து மீண்டு, வேறோர் ஊரில், வேறொரு மருத்துவரிடம் போகும்போது, முன்பு எவ்வளவு ஏறியது என்பதை யார் சொல்வார்? ஆகவே ஒரு குறிப்பேடு வையுங்கள். மருந்தின் பெயர், அளவு, தேதி, எத்தனையாவது தடவை என்பவற்றைச் செவிலியரிடம் கேட்டு எழுதுங்கள். டானோரூபிசின், எபிரூபிசின் முதலியன இதன் உடன்பிறப்புகள், நிறமும் சிவப்பே. அவையும் இதயக் கணக்கில் சேரும். கொழுப்புறைக்குள் அடைத்த டாக்சோரூபிசினும் உண்டு. அதன் அளவு முறை வேறு, ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. பெயரை முழுமையாக எழுதுவது இதற்காகவே.

மருந்து தொடங்குமுன் இதயத்தை 'எக்கோ' எடுத்துப் பார்ப்பர். சிகிச்சை முடிந்த பிறகும் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ மீண்டும் பார்க்கவேண்டும். ஏழு வயதில் இம்மருந்தால் பிழைத்த சிறுமி, இருபத்தைந்தில் தாயாகும்போது அவள் இதயத்துக்குப் பளு கூடுகிறது. பேறு பார்க்கும் மருத்துவரிடம் அந்தப் பழைய குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டவேண்டியவள் அவளுடைய அம்மா. பீரோவில் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் அடுக்கிலேயே அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.