லிவர் சிரோசிஸ் நோயாளிக்கு பித்தக்குழாய் அடைப்பு: ஈ.ஆர்.சி.பி ஏன் இவ்வளவு சிக்கலாகிறது?

லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்க நோய் இருக்கிறவருக்கு கண் மஞ்சளானால், 'நோய் முத்திடுச்சு' என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் பித்தக்குழாயில் கல் சிக்கினாலும் இதே மஞ்சள்தான் வரும். சிரோசிஸ் நோயாளிகளுக்கு பித்தக் கல் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். கூடவே காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது மேல்வயிற்றில் வலி இருந்தால், அடைபட்ட குழாயில் கிருமித்தொற்று பிடித்திருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு காத்திருக்கிற நேரம் இல்லை அது. அடைப்பைத் திறந்தாக வேண்டும்.

அதற்கான வழிதான் ஈ.ஆர்.சி.பி. வாய் வழியாக கேமரா குழாயை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநீர் வந்து விழும் சின்ன மேட்டின் துளைக்குள் மெல்லிய கம்பியை நுழைப்பார்கள். 1968-ல் அமெரிக்காவில் முதன்முதலாக பதிவான முறை இது. 1974-ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக, அந்தத் துளையைச் சுற்றியிருக்கும் தசையை வெட்டி கல்லை எடுக்கத் தொடங்கினார்கள். சிரோசிஸ் உடம்பு வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனைத் தாங்குவது கஷ்டம் என்பதால், இவர்களுக்கு முதல் தேர்வு இன்றும் ஈ.ஆர்.சி.பி-தான்.

'கடினம்' என்று எப்போது சொல்வார்கள்?

ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2016-ல் ஒரு கணக்கு சொன்னது. துளையை 5 தடவைக்கு மேல் தொட வேண்டியிருந்தாலோ, 5 நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, கம்பி தவறுதலாக கணையக் குழாய்க்குள் ஒரு தடவைக்கு மேல் போனாலோ அது கடினமான நுழைவு. ஏன் இவ்வளவு கறார்? முயற்சி கூடக்கூட கணைய அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது.

அந்த நிலையில் மற்ற நோயாளிகளுக்கு செய்வது, ஊசி போன்ற கத்தியால் மேட்டின் மேல்பகுதியில் சிறு வெட்டு போட்டு குழாய்க்குள் போவது. சிரோசிஸ் நோயாளிக்கு அங்கேதான் பயம். தட்டணுக்கள் குறைவு, கல்லீரலுக்குப் போகும் நாளங்களில் அழுத்தம் அதிகம். வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு வந்தால் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. சைல்ட்-பியூ மதிப்பீட்டில் 'சி' பிரிவில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் எண்ணைப் பார்த்து 'பிளாஸ்மா ஏத்திட்டா சரியாயிடும்' என்று நினைப்பது வழக்கம். அது அவ்வளவு நேரடியான கணக்கு இல்லை. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும், உறையாமல் தடுக்கும் புரதங்களும் இரண்டுமே கல்லீரலில்தான் உருவாகின்றன. சிரோசிஸில் இரண்டும் சேர்ந்தே குறைவதால், அந்த ஒரு எண் ரத்தக்கசிவு ஆபத்தை முழுசாகச் சொல்லாது. போதாக்குறைக்கு, ஏற்றும் பிளாஸ்மா நாள அழுத்தத்தையும் கூட்டிவிடலாம்.

வெட்டாமல் முடியுமா?

கம்பி உள்ளே போய்விட்டால், முடியும். தசையை வெட்டாமல் பலூனை ஊதி துளையை விரிக்கலாம். 8 மில்லிமீட்டருக்கும் சின்ன கல், உறைதல் பிரச்னை இருக்கும் நோயாளி என்றால் இந்த வழி பொருத்தம். ரத்தக்கசிவு குறையும், ஆனால் கணைய அழற்சி ஆபத்து கூடும்.

கணைய அழற்சியைத் தடுக்க ஆசனவாய் வழியாக இண்டோமெதசின் அல்லது டைக்ளோஃபெனாக் கொடுப்பது வழக்கம். வயிற்றில் நீர் கோத்திருக்கும் மகோதர நோயாளிக்கோ இந்த வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அதிகமாக சலைன் ஏற்றலாமா என்றால், அந்த நீரும் வயிற்றில்தான் சேரும். அதனால், கம்பி கணையக் குழாய்க்குள் போயிருந்தால் அங்கே ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்துவிட்டு வருவதையே பல நேரம் யோசிப்பார்கள்.

விலா வழியாக கல்லீரலைக் குத்தி பித்தநீரை வடிக்கும் முறையும் இருக்கிறது. அதற்கும் மகோதரம் தடை. எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து, ரத்தநாளங்களைப் பார்த்து விலக்கி ஊசி போடும் முறைக்கு நல்ல அனுபவம் வேண்டும்.

நோயாளி மோசமான நிலையில் இருந்தால், முதல் நாளே கல்லை எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பித்தக்குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து பித்தநீரை மட்டும் வடியவிட்டு, தொற்று அடங்கியபின் கல்லுக்கு வரலாம். இந்த ஸ்டென்ட் நாளடைவில் அடைத்துக்கொள்ளும். பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மஞ்சள் போய்விட்டது என்று அந்தத் தேதியைத் தவறவிட்டால், அதே காய்ச்சலோடு மறுபடி வந்து சேர வேண்டியிருக்கும்.