வேனில் ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட்

என் மச்சான் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு வீடாக்கிவிட்டார். ஃபேன், லைட், டி.வி. எல்லாம் உண்டு. அதற்கென்றே தனியாக 100 ஆம்பியர்-அவர் பேட்டரி. "மாப்ளே, இனிமே லாட்ஜ் செலவே கிடையாது!" என்றார். நம்பினேன். பி.காம். படித்தவன் நம்பலாமோ?

அரூரிலிருந்து தீர்த்தமலை சுமார் 16 கிலோமீட்டர். சாயங்காலமே போய் அடிவாரத்தில் படுத்து, விடியற்காலையில் மலையேறுவதாகத் திட்டம். ஃபேன் ஓடியது. பசங்க டி.வி. பார்த்தார்கள்.

ராத்திரி மூன்று மணிக்கு அப்பாவுக்கு வீசிங். நெபுலைசரைச் சொருகினால், இன்வர்ட்டர் 'கீ... கீ...' என்று அழுதுவிட்டு அணைந்தது. சரி, ஆஸ்பத்திரிக்காவது போகலாம் என்று சாவியைத் திருப்பினால், 'டக்'. மறுபடியும் 'டக்'. அவ்வளவுதான்!

அங்கே படுத்திருந்த பக்தர்கள் ஏழெட்டுப் பேர் எழுந்து வந்து தள்ளினார்கள். வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூச்சு வந்தது, எனக்கும்.

மறுநாள் கச்சேரிமேட்டுப் பக்கம் ஒரு பேட்டரிக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேட்டரியையும் நேரா சேத்துக் கட்டிட்டீங்களே சார். ஃபேனு ரெண்டையும் குடிச்சிருச்சு."

என் பாஷையில் சொன்னால், ஜாயின்ட் அக்கவுன்ட். ஒருத்தர் செலவு செய்தால் ரெண்டு பேரும் போண்டி.

'வண்டி ஓடினா சார்ஜ் ஏறிடும்' என்பது மச்சானின் வாதம். கணக்குப் போட்டேன். எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தால், 8 மணி நேரத்தில் செலவு 80 ஆம்பியர்-அவர். அரை மணி ஓட்டத்தில் 20 ஆம்பியர் வீதம் ஏறினாலும் வரவு வெறும் 10. இந்த லட்சணத்தில் பேட்டரி நிரம்ப நிரம்ப, சார்ஜ் ஏறுவதும் மெதுவாகும். முழுக்க நிரம்ப 14.4 வோல்ட் மாதிரி வேண்டும். ஒயர் மெலிசாக இருந்தால் பாதி வழியிலேயே கமிஷன் போய்விடும்.

இப்போது நடுவில் ஒரு ரிலே. இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கும், நின்றால் பிரித்துவிடும். தடி ஒயர், இரண்டு பக்கமும் ஃப்யூஸ். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டிலேயே சார்ஜரில் போட்டு நிரப்புகிறோம். பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுசு குறையுமாம், மீட்டரில் 12.2 வந்தால் டி.வி. கட்.

அப்பா வேனில் ஏறுமுன் கேட்கும் முதல் கேள்வி: "பேலன்ஸ் எவ்ளோடா?"

"12.6, ஃபுல்லுப்பா" என்றால்தான் காலை உள்ளே வைக்கிறார்.